ஈசானி மூலைத் தண்ணீர்

கீழத்தெரு, வாடிப்பட்டி வழி
14.8.2024

திரு. உமர் பாரூக் அவர்களுக்கு,

எங்கள் வீட்டுக்குள் தண்ணீரை விட்டது நீங்கள்தான்.

என் பெயர் முனீஸ்வரி. உங்கள் தோட்டவீட்டு மதிலுக்குப் பின்னால், வடகிழக்கு மூலையை ஒட்டி இருப்பது எங்கள் வீடு. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஜன்னல்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்து இருக்கின்றன.

நீங்கள் பாதை போட்டது சித்திரையில். அதற்கு முன் இருபத்து நான்கு வருடம், அதாவது நான் பிறந்ததிலிருந்து, எங்கள் வீட்டில் ஒரு சொட்டு ஏறியதில்லை. வடக்கே மலைப் பக்கமிருந்து வரும் மழைத்தண்ணீர் உங்கள் இடத்தைக் குறுக்கே கடந்து தெற்கே கண்மாய்க்குப் போகும். அதற்கு ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. அதன் மேல் கிராவல் மண்ணைக் கொட்டி ஒன்றரை அடி உயர்த்தி, உருண்டை ஜல்லி விரித்து, ரோட்டிலிருந்து வாசல் வரை பாதை போட்டிருக்கிறீர்கள். அடியில் ஒரு குழாய்கூட இல்லை. தண்ணீர் பாதையில் முட்டுகிறது. பாதையை ஒட்டியே கிழக்கே ஓடுகிறது. உங்கள் மதில் மூலையில் விட்டிருக்கும் ஓட்டை வழியாக எங்கள் பின்சுவரில் இறங்குகிறது. போன சனிக்கிழமை பெய்தது ஒரு மணி நேரம். அடுப்படியில் கணுக்கால் தண்ணீர்.

என் அக்கா தமிழ்ச்செல்விக்கு இது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு நாங்கள் கூட்டி வர வேண்டும். சனிக்கிழமை அவள் மாமியார் வந்திருந்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "இந்தச் சதசதப்புலயா எம் பேரப்பிள்ளையப் போடப் போறீக? வளைகாப்ப எங்க வீட்டுலயே வச்சுக்கிறோம். நீங்க வந்து சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அக்கா அங்கே இருந்தால் ஒன்பதாம் மாதத்திலும் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்குவாள். இங்கே வந்தால்தான் மூன்று மாதம் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போகிற ஒரே லீவு அது.

உங்கள் கேட்டில் போய் போன் நம்பர் கேட்டேன். "மொதலாளிக்குக் காது மந்தம், போன்ல ஒண்ணும் வெளங்காது. ஒனக்கு எதுக்குத்தா வம்பு?" என்றார் வாட்ச்மேன் பால்பாண்டி அண்ணன். மின்கட்டண அட்டையில் இருந்த விலாசத்தை எழுதிக்கொண்டேன். எனக்கும் போன் தோதுப்படாது. கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தண்ணீரை அதன் வழியில் விடுங்கள்.

முனீஸ்வரி

*

மதுரை
22.8.2024

முனீஸ்வரி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை. கைலிக்கடையில் வாடிக்கையாளர்கள் இருக்கும்போது பிரித்துவிட்டேன். முதல் வரியைப் படித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு மீதியைப் படித்தேன். என் மகன் ரோஷன் வாங்கிப் பார்த்துவிட்டு, "வக்கீல்ட்ட குடுத்துருங்கத்தா" என்றான். நான் கொடுக்கவில்லை.

எனக்குப் பாதை, மட்டம், வாய்க்கால் எதுவும் தெரியாது. நான் பழைய ஊருக்குள் ஒரு சந்தில் பிறந்தவன். எங்கள் சந்தில் பெய்கிற மழை எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. என் மனைவி ஷாஹீதாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆயிற்று. மாடி வீட்டில் அவரால் ஏறி இறங்க முடியவில்லை. தரையோடு ஒரு வீடு, கார் வாசல் வரை போக ஒரு பாதை, அவ்வளவுதான் நான் கேட்டது. அதுவும் நேராக அமையவில்லை. மழைக்கு மழை ஜல்லி அடித்துக்கொண்டு போய், பாதை நடுவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். போன மாதம் ஷாஹீதா அதில் இடறி, வாக்கரோடு விழப் பார்த்தார்.

வீட்டையும் பாதையையும் கட்டிக்கொடுத்த பேயாண்டி மேஸ்திரியை வரச்சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த வாய்க்கால மூடுனதே அந்தப் புள்ளயோட அப்பன் நல்லகாமன்தான் பாய். கூலி வாங்கிட்டுத்தானே மூடுனான்? இப்ப மக வந்து நாயம் பேசுதாக்கும்."

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைப்பதும் சரியாகப் படவில்லை. தவறாக இருந்தால் மன்னியுங்கள். உங்கள் அக்கா நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க துஆ செய்கிறோம்.

உமர் பாரூக்

*

கீழத்தெரு
1.9.2024

திரு. உமர் பாரூக் அவர்களுக்கு,

கேட்டேன். உண்மைதான்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டுச் சொன்னார்.

"ஆமா, நாந்தேன் மூடுனேன்."

"தண்ணி எங்கிட்டு வரும்னு தெரியாதாப்பா?"

"தெரியும்."

"பெறகு?"

"மேஸ்திரிட்ட சொன்னேன், ஒரு கொழாய வச்சுட்டு மூடுவோம்ணேன்னு. 'நீ மம்பட்டியப் பிடி, மூளைய நாம் பிடிச்சுக்கிறேன்'ட்டாரு. அதுக்கு மேல என்னத்தப் பேச? மறுநா வேலைக்குக் கூப்பிடணும்ல."

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. நானும்தான். ஐந்து மாதமாக அந்தத் தண்ணீரை அம்மா அள்ளி அள்ளி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு இந்த மனிதர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அவர் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை. மண்வெட்டி பிடிக்கிறவன் பேசினால் மறுநாள் வேலை கிடையாது என்கிற ஏற்பாட்டில்தான் இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் எழும்புகின்றன. ஆனால் 'நீங்கள்தான்' என்று நான் எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்காகப் பேயாண்டி மேஸ்திரியிடம் நானே போனேன். பாதை ஏன் கிழக்கே சரிகிறது என்று கேட்டேன்.

"வாஸ்து தெரியுமாத்தா ஒனக்கு? வளவுத் தண்ணி ஈசானி மூலையிலதான் வெளியேறணும்."

"அது பாய் வீடுண்ணே."

"பாயா இருந்தா என்ன, பாதிரியாரா இருந்தா என்ன? நாளைக்கு அவுக கடையில யாவாரம் படுத்துச்சுன்னு வையி, பேயாண்டி கைராசி சரியில்லைன்னுல்ல பேசுவாக!"

உங்களிடம் கேட்காமலே உங்கள் நல்லதுக்குச் செய்திருக்கிறார். உங்கள் ஈசானி மூலை எங்கள் அடுப்படி.

நான் டிப்ளமோ சிவில் முடித்தவள். மூன்று வருடமாக எந்த சைட்டிலும் எடுக்கவில்லை. 'பொம்பளப் புள்ளைக்கு சைட் சரிப்படாது' என்றார்கள். ரப்பர் வளையம் செய்கிற இடத்தில் ஓட்டை பார்க்கும் வேலை பார்க்கிறேன். உங்கள் பாதைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பழைய வாய்க்கால் இருந்த இடத்தில் பாதையை வெட்டி சிமெண்ட் குழாய் இறக்க வேண்டும். பாதையின் நடுவை மேடாக்கி இரண்டு ஓரத்துக்கும் சரிவு கொடுக்க வேண்டும். வடக்கு ஓரம் நெடுக ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, குழாயில் சேர்க்க வேண்டும். உருண்டைக் கல்லை அள்ளிவிட்டு, கூர்முனை உள்ள உடைகல் போட்டு இறுக்க வேண்டும். அப்புறம் உங்கள் ஜல்லியும் ஓடாது, எங்கள் வீட்டுக்கும் தண்ணீர் வராது.

நம்பாவிட்டால் மழை வரும் நாளில் ஒருமுறை வந்து நில்லுங்கள்.

முனீஸ்வரி

*

மதுரை
12.9.2024

அன்பு மகள் முனீஸ்வரிக்கு,

'நீங்கள்' என்று எழுத இனிமேல் வராது. நேற்று உன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

வானம் மூடிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பாதையில் பாதி தூரம் போனதும் கார் சக்கரம் புதைந்துவிட்டது. இறங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். நீ எழுதியிருந்த மாதிரியே, ஒரு எழுத்து மாறாமல், தண்ணீர் வடக்கேயிருந்து வந்தது, முட்டியது, திரும்பியது, கிழக்கே ஓடியது. அதன் பின்னாலேயே நானும் நடந்து போனேன். உன் வீட்டுப் பின்சுவரில் போய் நின்றேன்.

உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். "காலத் தூக்கி மேல வச்சுக்கங்க பாய், நனையுது" என்றார். நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பி குடித்தேன். எனக்குக் கீழே என் பாதைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. உன் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு உன் அப்பாவும் தெருவில் நான்கு பேரும் வந்து காரைத் தள்ளிவிட்டார்கள். சேறு முழுக்க அவர்கள் மேல். கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். ஒருவர், "விடுங்க பாய், எங்க வீட்டுக்கு வர்ற தண்ணியில எங்களுக்குக் குளிக்கத் தெரியாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன்னைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் ஷிப்ட் என்றார்கள்.

பாதையை நீயே திருத்து. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், அங்கே உன் சொல்தான் செல்லும் என்று. அவருக்கு உள்ளது போல உனக்கும் கூலி உண்டு. ரோஷன், "படிச்ச இன்ஜினியர வச்சுப் பாப்போமே அத்தா" என்றான். "அதுவும் படிச்ச புள்ளதானேடா" என்றேன்.

பாத்திரம் வைத்துத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த கையோடு எனக்குக் காப்பி போட்ட உன் அம்மாவுக்கு என் ஸலாமைச் சொல்.

உமர் பாரூக்

*

கீழத்தெரு
6.10.2024

பாய் அவர்களுக்கு,

வேலை முடிந்தது. பதினோரு நாள் பிடித்தது. எட்டு நாள் என்று சொல்லியிருந்தேன். மீதி மூன்று நாள் என் தப்பு. அதைக் கீழே எழுதுகிறேன்.

முதல் நாள் பேயாண்டி மேஸ்திரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏத்தா இன்ஜினியரு, தண்ணிய மேல ஏத்தி தெக்க கொண்டுபோகப் போறியாக்கும்?" என்றார். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ட்யூபில் ஒரு முனையை அப்பா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். தெற்கு ஓரம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. மேஸ்திரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முனைகளை மாற்றிப் பிடிக்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார்.

"அப்ப ஈசானியம்?"

"தண்ணிக்கு யாரும் சொல்லிக்குடுக்கல போலண்ணே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரைப் பற்றிக் கெட்டதாகவே எழுதிவிட்டேன். அவர் கை போல ஒரு கை கிடையாது. நடுமேட்டை அவர் இழுத்த அழகுக்கு நூல் தேவைப்படவில்லை.

இப்போது என் தப்பு. ஐந்தாம் நாள் குழாயை இறக்கி மண்ணை மூடிவிட்டோம். அப்பா மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"கொழாய் அரையடி மேல கெடக்கு. பழைய வாய்க்கால் தரை இன்னும் கீழ. தண்ணி தேங்கித்தான் ஏறும்."

"மூடுறப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ கேக்கலையே."

பாய், மேஸ்திரியை எத்தனை நாள் திட்டியிருப்பேன். என் கையில் ஒரு ட்யூபும் ஒரு நோட்டும் வந்த ஐந்தாவது நாளே நானும் அப்பாவைக் கேட்காமல் மண்ணை மூடச் சொல்லியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் "தப்பு என்னோடது, தோண்டுங்க" என்றேன். மேஸ்திரி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தோண்டிக் குழாயைக் கீழே இறக்க மூன்று நாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் முதலில் அப்பாவிடம்தான் கேட்டேன். மனிதர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. நல்ல மழை. தெருவே உங்கள் மதிலோரம் வந்து நின்று பார்த்தது. வடக்குக் கால்வாயில் தண்ணீர் சேர்ந்து, குழாய்க்குள் நுழைந்து, அந்தப் பக்கம் செம்மண் நிறத்தில் வெளியே வந்து கண்மாய்ப் பக்கம் போனது. அம்மா பார்க்கவில்லை. அடுப்படியிலேயே துணியோடு உட்கார்ந்திருந்தாள். மழை விட்ட பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, துணியைக் கொடியில் காயப்போட்டாள். அது நனையவே இல்லை.

மறுநாள் அக்கா மாமியார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படித் தரையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சாமான் அடுக்கைத் தள்ளிச் சுவர் அடியைத் தடவினார். "சரி. ஐப்பசி மொத வாரம் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நன்றி பாய். இந்தச் சொல் எனக்குச் சீக்கிரம் வராது. எங்களுக்குச் சேர வேண்டியதைத் தருகிறவர்களுக்குக்கூட நன்றி சொல்லியே பழகியதால் அதன் மேல் எனக்கு ஒரு கோபம். இது அப்படி இல்லை. நீங்கள் வக்கீலிடம் போயிருக்கலாம். மழையில் வந்து நின்றீர்கள். படித்து மூன்று வருடத்தில் நான் சொல்லி ஒரு மண்வெட்டி விழுந்தது உங்கள் பாதையில்தான். சாகும் வரை மறக்க மாட்டேன்.

முனீஸ்வரி

*

மதுரை
24.10.2024

அன்பு மகளுக்கு,

வளைகாப்புக்கு வர முடியவில்லை. ஷாஹீதாவுக்குக் காய்ச்சல். வளையல் மட்டும் கொடுத்தனுப்பினோம், கிடைத்திருக்கும். பச்சையும் சிவப்பும் அவரே வளையல் கடையில் உட்கார்ந்து பொறுக்கியது.

போன வாரம் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கார் கேட்டிலேயே நிற்கட்டும் என்றார். வாக்கரை வைத்துக்கொண்டு கேட்டிலிருந்து வாசல் வரை முழுப் பாதையும் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஒரு கல் உருளவில்லை. குழாய் இருக்கும் இடத்தில் நின்று, "கீழ சத்தம் கேக்குது" என்றார். எனக்குக் கேட்கவில்லை, என் காது அப்படி. அவர் என்னைக் குனிந்து கையைப் பாதையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மெல்ல அதிர்ந்தது.

வீட்டைக் கட்டி முடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு நிம்மதி இல்லை. உன் அப்பாவுக்கும் மேஸ்திரிக்கும் என் நன்றியைச் சொல். உன்னை நாங்கள் தொழுகையில் மறப்பதில்லை. உனக்கு என்ன தேவை என்றாலும் எழுது.

உமர் பாரூக்

*

கீழத்தெரு
15.12.2024

பாய் அவர்களுக்கு,

அக்காவுக்குப் பெண் குழந்தை. புதன்கிழமை பிறந்தது. நல்ல கனம். அன்றைக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. அந்த மழையிலேயே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தோம். ஊரில் பல வீடுகளில் தண்ணீர். எங்கள் வீட்டுத் தரையில் பாயைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறோம். அக்கா இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டாள். குடம் எதையும் தொடவில்லை. ஷாஹீதா அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவர்கள் கொடுத்த வளையலை அக்கா பிரசவ அறையில்தான் கழற்றினாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன திங்கட்கிழமை ரோஷன் அண்ணன் மூன்று பேரோடு வந்து டேப் பிடித்து அளந்தார். இடம் நெடுக வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். ஒரு கல் குழாயின் தெற்கு வாய்க்கு நேராக நிற்கிறது. பால்பாண்டி அண்ணனைக் கேட்டேன். "மனை பிரிச்சு விக்கப் போறாகளாம். அம்மாவுக்கு டவுன் ஆஸ்பத்திரிதான் தோதுன்னு மகன் சொல்றாரு. ஒனக்கு எதுக்குத்தா வம்பு?" என்றார்.

விற்பது உங்கள் இஷ்டம். இடம் உங்களுடையது. ஷாஹீதா அம்மாவுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள். ஆனால் அந்த வாய்க்கால் இப்போது ஓடுவது உங்கள் நல்ல மனதால். வாங்கப்போகிறவருக்கு உங்களைத் தெரியாது, எங்களையும் தெரியாது. அவர் ஒரு லாரி மண் அடித்தால் பிள்ளை படுத்திருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும்.

அதனால் கேட்கிறேன். வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை ஐந்தடி அகலம் தண்ணீர் போகும் வழி, யார் வாங்கினாலும் மூடக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். உதவியாகக் கேட்கவில்லை. தண்ணீர் உங்களுக்கும் எனக்கும் முன்னாலிருந்தே அந்த வழியில் போகிறது.

முனீஸ்வரி

*

கீழத்தெரு
20.1.2025

பாய் அவர்களுக்கு,

டிசம்பரில் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாம் தேதி ரிஜிஸ்தர் தபாலில் எழுதினேன். பெற்றுக்கொண்டதற்கு அட்டை வந்துவிட்டது. அதில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். எனக்கு அந்த எழுத்து நன்றாகத் தெரியும்.

ரோட்டோரம் பலகை வைத்துவிட்டார்கள். பொங்கல் கழிந்து இரண்டு கார்களில் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ரோஷன் அண்ணன் தடுக்கிறாரா, உங்களுக்கே விருப்பம் இல்லையா, எனக்குத் தெரியாது. அம்மா, "நல்ல மனுசன், அவரப் போயி நெருக்காதடி" என்கிறாள். அப்பா மட்டும், "கேளு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததற்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். நீங்கள் செய்தது எதுவும் குறைந்துவிடாது.

பத்திரத்தில் சேர்க்க வேண்டிய வாசகத்தை நானே எழுதி, அளவோடு படமும் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு நாற்பதாவது நாள் தாண்டிவிட்டது. மாசி பிறந்தால் அக்கா கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகும் நாங்கள் இங்கேதான் இருப்போம்.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

முனீஸ்வரி